‘டி டிரைவ்ல இருக்கறது எதுவும் போகாதுக்கா’: புதுவையில் கணினி பழுது பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

காமராஜர் சாலையிலும் நேரு வீதியிலும் மிஷன் வீதி மாடிப்படிகளுக்குக் கீழேயும் சின்னச் சின்ன அறைகளில் உட்கார்ந்து எங்கள் கணினிகளைத் திறந்து பார்க்கிற உங்கள் அனைவருக்கும் இதை எழுதுகிறேன். நான் ரங்கப்பிள்ளை வீதிப் பக்கம் டி.டி.பி. வேலை செய்கிறவள். 1998இல் ஒரு கணினியும் பேஜ்மேக்கருமாகத் தொடங்கினேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பு, கும்பாபிஷேக நோட்டீஸ், கருமாதிப் பத்திரிகை, பிரான்சில் பிள்ளைகள் இருக்கிற குடும்பங்களின் மனுக்கள், பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா வீட்டுப் பென்ஷன் கடிதங்கள் என்று இந்த ஊரின் நல்லதும் கெட்டதும் என் விரல் வழியாகப் போயிருக்கின்றன. என் பிழைப்பு உங்கள் கையில் இருக்கிறது. அதனால்தான் உரிமையோடு எழுதுகிறேன்.

இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. பழைய கணினிக்கு ஒரு எஸ்.எஸ்.டி. போட்டு, சி டிரைவை ஃபார்மட் அடித்து, புதிய விண்டோசை ஏற்றிக் கொடுங்கள் என்று சி.பி.யூ.வைத் தூக்கிக்கொண்டு உங்களிடம்தான் வருகிறோம். ஏற்றும்போதும், அதன் பிறகு ஒவ்வொரு மென்பொருளைப் போடும்போதும், திரை கேட்கிற கேள்விகளுக்கு எங்கள் சார்பில் நீங்கள் பதில் சொல்கிறீர்கள். ‘எங்கே நிறுவட்டும்?’ என்று அது கேட்கும். பதிலையும் தானே எழுதி வைத்திருக்கும்: சி டிரைவ், புரோகிராம் ஃபைல்ஸ். நீங்கள் ‘நெக்ஸ்ட்’ அழுத்துவீர்கள். அந்த ஓர் அழுத்தலைப் பற்றித்தான் இந்த மடல்.

என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபார்மட் அடிக்கும் முன்னும், நெக்ஸ்ட் அழுத்தும் முன்னும், எது எங்கே இருக்கிறது, எது எங்கே இருக்க வேண்டும் என்று எங்களோடு ஐந்து நிமிடம் பேசுங்கள். பேசியதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இடம் வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் என் கணினி மிகவும் தள்ளாடியது. ஒரு கடையில் கொடுத்தேன். கடையின் பெயர் வேண்டாம். அந்தத் தம்பி நல்ல பிள்ளை, கெட்ட எண்ணம் துளியும் இல்லாதவன். “சி-யை மட்டும் ஃபார்மட் பண்றேன்க்கா, டி டிரைவ்ல இருக்கறது எதுவும் போகாதுக்கா” என்றான். சொன்னபடியே டி-யில் இருந்தது ஒன்றும் போகவில்லை. போனது இரண்டு. ஒன்று, பல வருடங்களாகச் சேர்த்து வைத்திருந்த தமிழ் ஃபான்ட்கள். அவை விண்டோசுக்குள் இருந்தன. விண்டோஸ் சி-யில் இருந்தது. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபான்ட் எப்படி வேலை செய்யும் என்று உங்களில் இளையவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வரைந்து வைத்திருப்பார்கள். கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்து. ஃபான்ட் இருந்தால்தான் அது தமிழாகத் தெரியும். டி-யில் பத்திரமாக இருந்த ஆயிரக்கணக்கான பத்திரிகைகளைத் திறந்தேன். எல்லாம் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கும்பலாக நின்றன. எந்தக் கோப்புக்கு எந்த ஃபான்ட் என்று எழுதிவைத்த பட்டியலும் சி-யிலேதான் இருந்தது.

இரண்டாவது, ஒரு பெரியவரின் நினைவுக் குறிப்புகள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். 1954 நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தபோது அவர் பள்ளிச் சிறுவன். அந்த நாட்களையும், 1962 ஆகஸ்ட் 16 வரை எங்கள் குடும்பங்கள் எந்த நாட்டவர் என்று முடிவாகாமல் தவித்த வருடங்களையும் அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்துவந்தேன். எண்பது பக்கத்துக்கு மேல் ஆகியிருந்தது. அடிக்கடி திறக்க வேண்டிய கோப்பு என்பதால் டெஸ்க்டாப்பில் வைத்திருந்தேன். டெஸ்க்டாப் என்பது கண்ணெதிரே இருக்கிற இடம், மேசை மாதிரி. அது சி டிரைவுக்குள் ‘யூசர்ஸ்’ என்ற ஃபோல்டரின் அடியில் இருக்கிறது என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. அந்தத் தம்பியும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பெரியவர் கோபப்படவில்லை. மறுபடி சொல்கிறேன் அம்மா என்று உட்கார்ந்தார். ஆனால் இரண்டாம் முறை சொன்னபோது சுருக்கமாகத்தான் வந்தது. முதல் முறை சொன்ன வாசனைகளும் பெயர்களும் வரவில்லை. அறுபது வருடம் உள்ளே வைத்திருந்ததை ஒருவர் ஒரு முறைதான் முழுதாக எடுத்துக் கொடுக்க முடியும் என்பதை அன்று புரிந்துகொண்டேன்.

அதன் பிறகுதான் இந்த சி, டி விவகாரத்தை உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். உங்களுக்குத் தெரிந்ததையே சொல்கிறேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளருக்கு எப்படி விளக்குவது என்பதற்காவது பயன்படும்.

சி ஏன் சி? 1981இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் ஃபிளாப்பிதான். முதல் ஃபிளாப்பி ஏ, இரண்டாவது பி. 1983இல் ஐ.பி.எம். பி.சி. எக்ஸ்.டி. 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்குடன் வந்தபோது அடுத்த எழுத்து சி அதற்குக் கிடைத்தது. ஃபிளாப்பி செத்துப்போய் இத்தனை வருடமாகியும் ஏ, பி என்ற இரண்டு எழுத்துகளும் பெரும்பாலான கணினிகளில் ஆளில்லாத வீடு மாதிரி காலியாகவே இருக்கின்றன. விண்டோஸ் 95 வந்தபோது மென்பொருள்களுக்கென்று புரோகிராம் ஃபைல்ஸ் என்ற பொது ஃபோல்டர் வந்தது. ஆக, நிறுவும்போது திரை எழுதிவைக்கும் பதில் உங்கள் கணினியைப் பார்த்து யோசித்து எழுதிய பதில் இல்லை. ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்த காலத்து வழக்கம் அப்படியே தொடர்கிறது.

ஒரு டிஸ்க் நிறைந்தால் அடுத்ததற்குப் போவது என்பது அதைவிடவும் பழைய கதை. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் எழுதிக்கொண்டிருந்தார்கள். முதல் டிஸ்கில் அமைப்பு நிரல்கள் கொள்ளவில்லை. பயனர்களின் கோப்புகள் இருந்த இரண்டாம் டிஸ்குக்கு நிரல்களையும் ஏற்றினார்கள். அந்த இரண்டாம் டிஸ்கின் பெயர் ‘யூசர்’ என்பதன் சுருக்கம். லினக்ஸ் கணினியைத் திறந்து பார்த்தால் பயனர் கோப்பு ஒன்றுகூட இல்லாமல் முழுக்க நிரல்களே இருக்கிற ஒரு ஃபோல்டர் இன்றும் அந்தப் பெயரில் நிற்கும். பயனர்கள் பிறகு ‘ஹோம்’ என்ற தனி இடத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். இடநெருக்கடியில் எடுத்த ஒரு முடிவு ஐம்பது வருடமாகப் பெயர்ப்பலகையாக நிற்கிறது. நீங்கள் எங்கள் கணினியில் முதல் நாள் எடுக்கிற முடிவும் அப்படித்தான், அந்தக் கணினி சாகும் வரை நிற்கும்.

சரி, மென்பொருளை டி-யில் நிறுவலாமா? இந்தக் கேள்வியில் நம் ஊரில் ஒரு நம்பிக்கை உலவுகிறது. டி-யில் நிறுவினால் சி-யை ஃபார்மட் அடித்தாலும் மென்பொருள் பிழைத்துக்கொள்ளும் என்பது. வாடிக்கையாளர்கள் நம்புகிறார்கள், உங்களில் சிலரும் அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியில்லை. டி-யில் நிறுவிய மென்பொருளும் தன்னைப் பற்றிய குறிப்புகளை விண்டோசின் ரெஜிஸ்ட்ரியில் எழுதுகிறது. ரெஜிஸ்ட்ரி சி-யில். அதன் அமைப்புகள் ‘ஆப் டேட்டா’வில். அதுவும் சி-யில். பொதுவாகப் பயன்படும் துணைக்கோப்புகள் விண்டோஸ் ஃபோல்டரில். சி-யை ஃபார்மட் அடித்த பிறகு டி-யில் இருக்கிற மென்பொருள், ரேஷன் கார்டும் ஆதாரும் வெள்ளத்தில் போன குடும்பம் மாதிரி. ஆள் இருக்கிறார், வீடும் இருக்கிறது. எந்த அலுவலகமும் அவரை அடையாளம் காணாது. திரும்ப நிறுவித்தான் ஆக வேண்டும்.

இதே காரணத்தால்தான் சி நிறைந்துவிட்டது என்று புரோகிராம் ஃபைல்சில் இருக்கிற ஒரு ஃபோல்டரைக் கட் செய்து டி-யில் பேஸ்ட் செய்தால் அந்த மென்பொருள் திறப்பதில்லை. நம் ஊரையே பாருங்கள். புதுச்சேரி ஒரே ஒன்றியப் பகுதி, ஆனால் ஒரே இடத்தில் இல்லை. காரைக்கால் தெற்கே, மாஹே கேரளக் கரையில், யானம் ஆந்திரத்தில். இங்கிருந்து கடலூருக்கு பஸ் ஏறினாலே தமிழ்நாடும் புதுச்சேரியும் மாறி மாறி வரும். இவ்வளவு சிதறிக் கிடந்தும் நிர்வாகம் நடக்கிறது. எந்தக் கோப்பு எந்த அலுவலகத்தில் என்பது பதிவேட்டில் இருப்பதால் நடக்கிறது. பதிவேட்டைத் திருத்தாமல் ஓர் இரவில் அலுவலகத்தை மட்டும் இடம் மாற்றினால் மறுநாள் காலையில் மனுவோடு வருகிறவர் பூட்டிய கதவைத்தான் பார்ப்பார். மென்பொருளை மாற்றவேண்டுமென்றால் முறையாக அன்இன்ஸ்டால் செய்து, மறுபடி நிறுவும்போது ‘கஸ்டம்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, பாதையை டி-க்கு மாற்றுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் அதுதான் வழி.

அப்படியானால் டி-யில் நிறுவுவதே வீணா? வீணில்லை. அது இடத்துக்கான தீர்வு. பத்திரத்துக்கான தீர்வு வேறு. இந்த இரண்டையும் நாம் குழப்பிக்கொண்டதால்தான் இத்தனை இழப்பும்.

இடத்துக்கான தீர்வு எப்போது தேவைப்படும் என்பதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். பழைய கணினிக்கு 128 ஜிபி எஸ்.எஸ்.டி. போட்டு அதை சி ஆக்கி, ஏற்கெனவே இருந்த 500 ஜிபி ஹார்ட் டிஸ்கை டி ஆக்குகிறீர்கள். விண்டோஸ் 11க்குக் குறைந்தபட்சம் 64 ஜிபி வேண்டும் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. அதற்கு மேல் பேஜ் ஃபைல், ஹைபர்நேட் ஃபைல், மாதாமாதம் வருகிற அப்டேட். வாங்கின புதிதில் விசாலமாகத் தெரிந்த சி ஒரு வருடத்தில் சிவப்புக் கோடு காட்டுகிறது. இப்படிப்பட்ட கணினியில் வீடியோ எடிட்டிங் மென்பொருள், பிள்ளைகளின் பெரிய விளையாட்டுகள், கட்டட வரைபட மென்பொருள் போன்றவற்றை டி-யில் நிறுவுவது நியாயம். ஹார்ட் டிஸ்கில் இருந்து திறப்பதால் கொஞ்சம் மெதுவாகத் திறக்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள். தினமும் பத்து முறை திறக்கிற மென்பொருளை எஸ்.எஸ்.டி.யிலும், வாரம் ஒரு முறை திறக்கிற பெரிய மென்பொருளை ஹார்ட் டிஸ்கிலும் வையுங்கள். சமையலறையில் உப்பும் புளியும் கைக்கெட்டும் இடத்தில், பொங்கல் பானை பரணில். அந்தக் கணக்குதான்.

செய்யும்போது சில விஷயங்களைக் கவனியுங்கள். டி-யில் கண்ட இடத்தில் கொட்டாமல் மென்பொருளுக்கென்று ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் நிறுவுங்கள். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து புரோகிராம் ஃபைல்சுக்கு ஒரு காவல் உண்டு; நிர்வாகி அனுமதி இல்லாமல் யாரும் அங்கே எழுத முடியாது. டி-யில் நாமாகப் போடுகிற ஃபோல்டருக்கு அந்தக் காவல் தானாக வராது, அனுமதிகளை நாம்தான் இறுக்க வேண்டும். ஆன்ட்டி வைரசையும் டிரைவர் மென்பொருளையும் சி-யிலேயே விட்டுவிடுங்கள். சில மென்பொருள் கேட்கவே கேட்காது: இப்போதைய மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் விண்டோஸ் இருக்கிற டிரைவில்தான் அமரும், கூகுள் குரோமும் இடம் கேட்பதில்லை. அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம். யூ.எஸ்.பி.யில் செருகுகிற வெளி ஹார்ட் டிஸ்கில் நிறுவித் தரச் சொன்னால் யோசித்துச் செய்யுங்கள். இன்று இ என்று வந்த டிஸ்க், நாளை ஒரு பென் டிரைவ் முந்திக்கொண்டால் எஃப் என்று வரும். டெஸ்க்டாப்பில் இருக்கிற ஷார்ட்கட் எல்லாம் பழைய முகவரியைத் தேடி நிற்கும். தவிர்க்க முடியாதென்றால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் ஒரு நிலையான எழுத்தைக் கொடுத்துவிடுங்கள்.

ஒரே டிஸ்கைப் பிரிக்கும்போது சி-க்குக் கஞ்சத்தனம் வேண்டாம் என்பது என் தனி வேண்டுகோள். 100 ஜிபி சி-க்குப் போதும் என்று கை பழகிப்போயிருக்கிறது. பிறகு சி நிறையும். டி-யைச் சுருக்கி இடம் எடுத்தால், கிடைக்கிற காலியிடம் டி-யின் வால் பக்கம் விழும். சி-யை ஒட்டிய காலியிடம் இருந்தால்தான் விண்டோசின் டிஸ்க் மேனேஜ்மென்ட் சி-யைப் பெரிதாக்கும். இல்லையென்றால் ‘எக்ஸ்டெண்ட்’ மங்கலாகவே நிற்கும். இடையில் ரெக்கவரி பார்ட்டிஷன் ஒன்று உட்கார்ந்திருந்தாலும் அதே கதி. மனை பிரிக்கும்போதே தெருவுக்கு இடம் விடாதவன் பிறகு யார் சுவரை இடிப்பது? முதல் நாள் இருநூறு ஜிபி கொடுத்துவிட்டால் அந்தக் கணினிக்காரர் சி நிறைந்துவிட்டது என்று உங்கள் படி ஏறவே மாட்டார். ஒரு சர்வீஸ் கூலி போகும்தான். ஆனால் அவர் இன்னும் நாலு பேரை உங்களிடம் அனுப்புவார்.

இனி பத்திரத்துக்கான தீர்வு. டி-க்கு முதலில் போக வேண்டியது எங்கள் உழைப்பு. மென்பொருளைத் திரும்ப நிறுவ முடியும்; அந்தப் பெரியவரின் எண்பது பக்கத்தைத் திரும்ப நிறுவ எந்த சி.டி.யும் கிடையாது. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களை வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீசில் ‘லொகேஷன்’ என்பதற்குப் போனால் அவை இருக்கும் இடத்தை டி-க்கு மாற்றலாம் என்று உங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது. புதிய விண்டோஸ் ஏற்றிய அன்றே இதைச் செய்து கொடுங்கள். டி-யில் ஒவ்வொன்றுக்கும் தனி ஃபோல்டர் போட்டு அதைக் காட்டுங்கள். வெறும் டி என்று காட்டினால் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து, பிரிப்பதே ஒரு நாள் வேலையாகிவிடும். ஒன்டிரைவ் ஏற்கெனவே டெஸ்க்டாப்பைத் தன்னிடம் இழுத்துவைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அதன் இலவச இடம் 5 ஜிபிதான். எங்களில் பலருக்கு அது நிறைந்தது கூடத் தெரியாது.

கணக்கு எழுதும் கடைக்காரர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். டாலியில் நிரல் ஓரிடத்திலும் கணக்குத் தரவு வேறோரிடத்திலும் இருக்கலாம், தரவின் பாதையை நாமே மாற்றிக்கொள்ளலாம். ஜி.எஸ்.டி. கட்டும் நாளுக்கு முந்தின இரவு கணினி படுத்துவிட்டால் கடைக்காரர் தேடுவது அந்தத் தரவைத்தான். எங்களைப் போன்ற டி.டி.பி.காரர்களுக்கு ஃபான்ட். விண்டோஸ்\ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் இருப்பதை ஃபார்மட்டுக்கு முன் அப்படியே டி-யில் ஒரு பிரதி எடுங்கள். விண்டோஸ் 10இன் 2018 பதிப்பிலிருந்து வெறும் ‘இன்ஸ்டால்’ கொடுத்தால் ஃபான்ட் அந்த ஒரு பயனருக்கு மட்டும், ஆப் டேட்டாவுக்குள் போய் உட்காரும். பழைய மென்பொருள் சிலவற்றின் கண்ணுக்கு அது தெரியாது. ‘இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்’ என்று கொடுங்கள். பிரதி எடுக்கும்போது இரண்டு இடத்தையும் தேடுங்கள். 1991இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது; நாங்கள்தான் அச்சகத் தேவைக்காகப் பழைய ஃபான்ட்களை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தோம். எங்கள் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுவது எங்கள் கடமை. அதை நான் தொடங்கிவிட்டேன். அதுவரை அந்த ஃபான்ட்களைக் காப்பாற்றிக் கொடுங்கள்.

ஃபார்மட்டுக்கு முன் கேட்க வேண்டியது இன்னொன்று. புதிய விண்டோஸ் 11இல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால் டிஸ்க் தானாகவே பூட்டப்படுவது வழக்கமாகி வருகிறது. அதன் சாவி எண் அந்தக் கணக்கில் இருக்கும். யாருடைய கணக்கு, அதன் பாஸ்வேர்ட் நினைவில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். மருமகன் வெளிநாடு போகும் முன் போட்டுக்கொடுத்த கணக்கு என்றால், அவரைக் கூப்பிட்டுப் பேசிய பிறகு திருப்புளியை எடுங்கள்.

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். “டி-யில் இருக்கறது போகாது” என்ற வாக்கியத்தை உங்கள் வாயிலிருந்து நான் நீக்க விரும்புகிறேன். ஒரே டிஸ்கைப் பிரித்து வைத்த சி-யும் டி-யும் ஒரே வீட்டின் இரண்டு அறைகள். வீடு இடிந்தால் இரண்டும் இடியும். 2024 நவம்பர் 30 இரவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஃபெஞ்சல் புயல் நம் ஊருக்குப் பக்கத்தில் கரை கடந்து, ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. கிருஷ்ணா நகரிலும் ரெயின்போ நகரிலும் தண்ணீர் வீட்டுக்குள் நின்றது. சி.பி.யூ.க்களை நாம் எங்கே வைக்கிறோம்? மேசைக்குக் கீழே, தரையில். வெள்ளத்துக்கு சி எது, டி எது என்று தெரியாது. நனைந்த ஹார்ட் டிஸ்குக்கும், மின்னழுத்தம் எகிறிச் செத்த எஸ்.எஸ்.டி.க்கும், எல்லா டிரைவையும் பூட்டிப் பணம் கேட்கிற ரான்சம்வேருக்கும் அந்த எழுத்து வித்தியாசம் கிடையாது.

எனவே மூன்றாவதாக ஓர் இடம் வேண்டும், கணினிக்கு வெளியே. ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கச் சொல்லுங்கள். மாதம் ஒரு முறை டி-யின் முக்கிய ஃபோல்டரை அதில் பிரதி எடுத்து, கேபிளைக் கழற்றி, பீரோவில் மேல் தட்டில் வைக்கச் சொல்லுங்கள். முடிந்தவர்கள் இன்னொரு பிரதியைத் தங்கை வீட்டிலோ அண்ணன் வீட்டிலோ வைக்கட்டும். நான் வேலை செய்யும் வீதிக்குப் பெயர் கொடுத்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் தொடங்கி 1761இல் இறக்கும் வரை நாட்குறிப்பு எழுதினார். அவர் கண்மூடிய அதே ஜனவரியில் ஊர் ஆங்கிலேயர் கையில் விழுந்தது. பிறகு கோட்டையும் வீடுகளும் தரைமட்டமாயின. அவர் எழுதியது பல ஆண்டு யாரும் பார்க்காமல் கிடந்தது. 1846இல் கலுவா மோன்பிரன் என்ற பிரெஞ்சுக்காரர் அதைக் கண்டு படியெடுத்தார். பிறகு வேறு படிகளும் எடுக்கப்பட்டன. பிரெஞ்சுக் காலத்துப் புதுவையில் அரிசி என்ன விலை, யார் யாருக்கு என்ன மரியாதை என்று இன்று நாம் தமிழில் படிக்க முடிகிறது என்றால், ஒரு வீட்டில் இருந்தது இன்னொரு வீட்டிலும் இருக்கட்டும் என்று யாரோ உட்கார்ந்து எழுதியதால்தான். என் தமிழாசிரியர் சொன்னதற்கு அப்படி ஒரு படி இல்லாமல் போயிற்று.

எங்களுடைய பங்கையும் சொல்ல வேண்டும். நாங்கள் அவசரப்படுத்துகிறோம். சாயங்காலத்துக்குள் வேண்டும் என்கிறோம். முன்னூறு ரூபாய்க்கு மேல் தர மனம் வருவதில்லை. ஐந்து நிமிடப் பேச்சுக்கும் அரை மணி நேரப் பிரதி எடுக்கும் வேலைக்கும் கூலி கேட்டால் முகம் சுளிக்கிறோம். அது தவறு. இந்த வேலைக்குக் கூலி கேளுங்கள், தயங்காமல் கேளுங்கள். பில்லில் தனி வரியாகவே எழுதுங்கள். கேட்கக் கேட்கத்தான் எங்களுக்கு அதன் மதிப்பு புரியும்.

கடைசியாக அந்தத் தாள். ஆறு வரிகள் போதும். விண்டோஸ் எந்த டிரைவில், எத்தனை ஜிபி. டி அதே டிஸ்கா, தனி டிஸ்கா. எந்தெந்த மென்பொருள் டி-யில் நிறுவப்பட்டிருக்கிறது. டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்சும் இப்போது எங்கே இருக்கின்றன. டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் அதன் சாவி யார் கணக்கில். கடைசியாகப் பிரதி எடுத்த தேதி. இதை எழுதி சி.பி.யூ.வின் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை அந்தக் கணினி வேறொரு கடைக்குப் போனாலும், அங்கே உட்கார்ந்திருக்கிற தம்பி ஃபார்மட் அடிக்கும் முன் இதைப் படிப்பான். நீங்கள் பார்த்தறியாத யாரோ ஒருவருக்கு நீங்கள் எழுதி அனுப்பிய கடிதம் அது.

அந்தத் தாளை நான் தமிழில் வடிவமைத்து வைத்திருக்கிறேன். மேலே உங்கள் கடைப் பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன், யூனிகோடில்தான் அடித்திருக்கிறேன். ரங்கப்பிள்ளை வீதிப் பக்கம் வரும்போது கேளுங்கள். ஒரு கடைக்கு நூறு தாள், காசு வேண்டாம். என் சி.பி.யூ.வின் மேல் முதல் தாள் ஒட்டியிருக்கிறது. பிரதி எடுத்த தேதி என்ற வரியில் மாதாமாதம் அடித்து அடித்து எழுதுகிறேன். அந்தப் பெரியவர் இரண்டாம் முறை சொன்ன பக்கங்கள் இப்போது மூன்று இடத்தில் இருக்கின்றன.

அன்புடன்,
ரங்கப்பிள்ளை வீதியில் தட்டச்சு செய்யும் உங்கள் அக்கா
புதுச்சேரி